கண்புரை ஆபரேஷன்: எந்த லென்ஸ் என்று கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் பலரும் பயப்படுவது கத்திக்குத்தான். ஆனால் கத்தி வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆள் திணறிப்போவது அதற்கு முன்னாலேயே. கவுன்சலிங் அறையில் உட்கார வைத்து, மோனோஃபோக்கல், டோரிக், மல்டிஃபோக்கல், ஈடாஃப் என்று, புரையை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸ்களின் பட்டியலை நீட்டி, "எதை வைக்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்பார்களே, அப்போதுதான். பேரைக் கேட்டால் ஒன்றும் விளங்காது. கடைசியில் பக்கத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறோம். வசதி இருந்தால் மேலே இருப்பது, இல்லாவிட்டால் கீழே இருப்பது. புடவை எடுக்கிற மாதிரிதான்.

லென்ஸில் "உயர்ந்தது, தாழ்ந்தது" என்று பார்ப்பதைவிட, "கண்ணாடி போடாமல் எந்தத் தூரம் எனக்குத் தெரிய வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போவது நல்லது. அந்த விடையை எப்படிக் கண்டுபிடிப்பது, மற்றபடி என்னென்ன தயாராக வேண்டும் என்பதை நடக்கிற வரிசையிலேயே பார்க்கலாம்.

முதல் படி: இப்போதே எடுக்க வேண்டிய புரையா?

கண்ணின் நிறமுள்ள வளையத்துக்குப் பின்னால், அதன் நடுத் துளையான பாப்பாவுக்கு நேராக, எல்லோருக்கும் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. அகலம் சுமார் 9, 10 மி.மீ.; கனம் 4 மி.மீ. அளவு. மெல்லிய பை ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும். வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் திரண்டு, கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது மங்கி, மஞ்சளாகிப் பழுப்பாகிறது. அதுதான் புரை. சர்க்கரை நோய், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, கண்ணில் பட்ட அடி, புகைப்பழக்கம், வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் எல்லாம் இதைச் சீக்கிரமே கொண்டுவரலாம். சொட்டு மருந்தால் புரை கரையாது. கரைக்கும் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மங்கல் மட்டுமே அறிகுறி என்று நினைக்க வேண்டாம். எதிரே வரும் வண்டி விளக்கு சிதறிக் கண்ணைக் கூசும். கண்ணாடி பவர் அடிக்கடி மாறும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் நிலா இரண்டாகத் தெரியும். கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் புரியாது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமலே ஒருநாள் பேப்பர் படிக்க வந்துவிடும். பார்வை திரும்பிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கிட்டப்பார்வை ஏறியதால் வந்த சலுகை அது. புரை வளர வளர அதுவும் போய்விடும்.

"புரை நன்றாக முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். லென்ஸை முழுதாக வெளியே எடுத்த காலத்தில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. இப்போது லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுப்பதால், முத்திப் பாறையான புரைதான் டாக்டருக்குச் சிரமம், கண்ணுக்கும் அதிகக் காயம். அதற்காகப் பரிசோதனையில் லேசாகத் தெரிந்த உடனே ஓட வேண்டியதும் இல்லை. படிப்பது, வண்டி ஓட்டுவது, படியிறங்குவது, சமைப்பது இவற்றில் எதையாவது புரை கெடுக்கிறதா, புதுக் கண்ணாடி போட்டும் சரியாகவில்லையா? அப்போது எடுக்கலாம். வீங்கிய லென்ஸால் கண் அழுத்தம் ஏறினாலும், பின்னாலிருக்கும் விழித்திரையைப் பார்க்க முடியாதபடி புரை மறைத்தாலும் டாக்டர் சீக்கிரம் எடுக்கச் சொல்வார். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் படி: ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை

கண் டாக்டரிடம் புராஸ்டேட் மருந்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அவசியம் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தடைக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் என்ற மாத்திரை, கண்ணின் நிற வளையத்தில் இருக்கும் தசையையும் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவில் அந்த வளையம் துணி மாதிரி படபடக்கும், விரிந்திருந்த பாப்பா சுருங்கும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கான மருந்தும் கொக்கிகளும் தயாராக வைத்துக்கொள்வார். மாத்திரையை எப்போதோ நிறுத்திவிட்டேன் என்றாலும் சொல்லுங்கள். அதன் விளைவு நெடுநாள் நிற்கக்கூடியது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நிறுத்திப் பயனும் இல்லை.

இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் அப்படித்தான். சொட்டு மருந்தில் மரக்க வைத்துச் செய்யும் ஆபரேஷனுக்குப் பல நேரம் அதை நிறுத்தவே தேவைப்படாது. யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தி, இதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்தை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

இளவயதில் கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதை முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். லேசிக் கருவிழியின், அதாவது கண்ணின் முன்னாலிருக்கும் தெளிவான படலத்தின், வளைவை மாற்றியிருக்கும். வழக்கமான கணக்கில் லென்ஸ் பவர் பார்த்தால் தப்பிப்போகும். பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள். அப்புறம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுமா, இருமல் வருமா, தலை நடுங்குமா, காது சரியாகக் கேட்காதா? இவையெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அசையாமல் படுத்து, டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டிய ஆபரேஷன் இது.

விழித்திரைப் பரிசோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. புரை மட்டும்தான் பிரச்சினையா, பின்னால் சர்க்கரையால் வந்த பாதிப்போ, கண் அழுத்த நோயோ, விழித்திரை நடுப்பகுதித் தேய்வோ இருக்கிறதா என்று, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் பார்த்துவிடலாம். கேமராவில் லென்ஸை மாற்றினாலும் ஃபிலிம் கெட்டிருந்தால் படம் எப்படித் தெளியும்? லென்ஸ் தேர்வும் இந்த ரிப்போர்ட்டைப் பொறுத்தது.

மூன்றாம் படி: அளவெடுப்பு

தாடையை ஒரு தட்டில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். சில நொடி வேலை. ஆனால் மொத்தச் சிகிச்சையில் உங்கள் பார்வையை அதிகம் தீர்மானிப்பது இந்த நொடிகள்தான் என்பது என் அபிப்பிராயம். கண்ணின் முன்பின் நீளமும் கருவிழியின் வளைவும் முக்கியமான இரண்டு அளவுகள். சராசரிக் கண் நீளம் 23, 24 மி.மீ. இதில் 1 மி.மீ. தப்பாக அளந்தால், கடைசியில் கண்ணாடி பவரில் சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை தப்பும். அதனால்தான் இப்போது ஒளியைச் செலுத்தி அளக்கிறார்கள். புரை மிகவும் முத்தியிருந்தால் ஒளி ஊடுருவாது. அப்போது அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். முத்தவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன்பே அதை நிறுத்த வேண்டும். மென்மையான வகைக்கு ஒரு வாரமாவது, கெட்டியான வகைக்கு இன்னும் சில வாரங்கள். எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். அது கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். கண் வறண்டிருந்தாலும் அளவு ஒரு தடவைக்கு ஒரு மாதிரி வரும். "முதலில் வறட்சிக்குச் சொட்டு விடுங்கள், சில வாரம் கழித்து மறுபடி அளக்கலாம்" என்று திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். அவர் ஒழுங்கான டாக்டர்.

நான்காம் படி: லென்ஸ்

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்ற எண்ணம் வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் தெறித்துப் பதிந்தன. அவற்றால் கண் பெரிதாகக் கொந்தளிக்கவில்லை என்பதை ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய டாக்டர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டனில் அதே மாதிரிப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளிக்கு வைத்தார். அதுவரை புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடுதான் காலம் தள்ளினார்கள்.

சரி, இன்றைய லென்ஸுக்கு வருவோம். இளவயதில் நம் சொந்த லென்ஸ் வளைந்து கொடுக்கும். தூரத்து மலையையும் கையிலிருக்கும் ஊசியையும் மாறி மாறிக் காட்டும். நாற்பதைத் தாண்டினால் அந்த வளைவு குறைந்து வெள்ளெழுத்து வருகிறது. செயற்கை லென்ஸ் வளைவதில்லை. டோரிக்கைத் தவிரப் பட்டியலில் இருக்கும் மற்ற லென்ஸ்கள் எல்லாம் இந்த ஒரு குறையைச் சுற்றிக்கொண்டு போக மனிதன் கண்டுபிடித்த வழிகள்தான்.

பட்டியலைப் பார்க்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சில நாள், எந்த வேலைக்குக் கண் எவ்வளவு தூரத்தில் உழைக்கிறது என்று கவனியுங்கள். டிவி, பஸ் போர்டு, வண்டி ஓட்டுவது எல்லாம் தூரம். கம்ப்யூட்டர், அடுப்பு மேடை, முகம் பார்க்கும் கண்ணாடி, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் இவை 60, 80 செ.மீ. என்று நடுத்தூரம். புத்தகம், செல்போன், ஊசியில் நூல், மாத்திரை அட்டை 35, 40 செ.மீ. என்று கிட்டம். இந்த மூன்றில் எதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள உங்களுக்கு ஆட்சேபணை இல்லை? இரவில் வண்டி ஓட்டுவீர்களா? இந்த இரண்டு பதிலும் இருந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

*மோனோஃபோக்கல்.* ஒரே தூரத்துக்குக் கூர்மையாகக் காட்டும். வரும் ஒளி முழுவதும் ஒரே இடத்தில் குவிவதால் தெளிவும், மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் திறனும் இதில்தான் அதிகம். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது குறைவு. வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்கள். படிக்கக் கண்ணாடி வேண்டும். "சாதா லென்ஸ்" என்ற பேச்சைக் கேட்டு இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கண் டாக்டர்கள் பலர் தங்கள் கண்ணுக்கே இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் தூரத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. என் அத்தை ஒருவர் வாழ்நாள் முழுக்க மைனஸ் மூன்று கண்ணாடி போட்டவர். இரவில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புத்தகத்தை முகத்துக்கருகில் பிடித்துப் படிப்பதுதான் அவருடைய சுகம். ஆபரேஷன் ஆனதும் தூரம் பளிச்சென்று தெரிந்தது. "டிவி என்னமாத் தெரியுது! ஆனா மாத்திரை அட்டையில எழுதியிருக்கிறதைப் படிக்க முடியலையே, பவரைத் தப்பா வச்சிட்டாங்களோ?" என்று கேட்டார். பவர் சரியாகத்தான் இருந்தது. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிட்டப்பார்வைக்காரர்கள் வேண்டுமென்றால் லென்ஸைக் கிட்டத்துக்கே வைத்து, தூரத்துக்கு வழக்கம்போலக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இதற்குக் கூடுதலாக ஒரு காசும் ஆகாது. வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு வழி மோனோவிஷன். ஒரு கண்ணில் தூரத்துக்கு, மறு கண்ணில் கொஞ்சம் மைனஸ் மிச்சம் வைத்துக் கிட்டத்துக்கு. மூளை இரண்டையும் கலந்து பழகிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒத்துவராது; ஆழம் உணர்வது கொஞ்சம் குறையும். புரை ரொம்ப மறைக்காதபோதே கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. வேறு எந்த லென்ஸையும் முன்கூட்டி இப்படிப் போட்டுப் பார்க்க முடியாது.

*டோரிக்.* சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கானது. கருவிழி பந்து மாதிரி ஒரே சீராக இல்லாமல் ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால், சாதாரண லென்ஸ் வைத்த பிறகும் எல்லாத் தூரத்துக்கும் கண்ணாடி தேவைப்படும். கருவிழியில் ஒரு டயாப்டர் அல்லது அதற்கு மேல் சிலிண்டர் இருந்தால் டோரிக் வைக்கலாமா என்று பேசுவது வழக்கம். பட்டியலில் கூடுதல் செலவுக்கு நியாயமான பலன் தருவது இதுதான் என்பேன். கவனிக்க வேண்டியது கருவிழியின் சிலிண்டரை. உங்கள் கண்ணாடிச் சீட்டில் எழுதியிருப்பதில் ஒரு பங்கு புரை லென்ஸாலேயே வந்திருக்கலாம், அது புரையோடு போய்விடும். டோரிக் லென்ஸ் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு பாகை திரும்பினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும்; 30 பாகை திரும்பினால் பலனே இல்லை. ஆபரேஷனுக்கு முன் உங்களை நேராக உட்கார வைத்துக் கண்ணில் மையால் குறி வைப்பார்கள். படுத்தால் கண் தன் குழிக்குள் லேசாகச் சுழலும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. டோரிக் என்பது தனித் தூரம் அல்ல. கீழே வரும் வகைகளிலும் டோரிக் கிடைக்கும்.

*மல்டிஃபோக்கல், ட்ரைஃபோக்கல்.* லென்ஸின் மேல் நுண்ணிய வட்ட வரிகள் இருக்கும். அவை உள்ளே வரும் ஒளியைத் தூரம், நடுத்தூரம், கிட்டம் என்று பங்கு பிரிக்கும். நன்றாக அமைந்தால் பெரும்பாலான வேலைக்குக் கண்ணாடி தேவைப்படாது. பல பேர் இதனால் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒளியைப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் குறையத்தானே செய்யும்? மங்கல் வெளிச்சத்தில் படிக்கத் திணறல், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம், சிலருக்கு எதிலும் மெழுகு தடவியது மாதிரியான தோற்றம், இவை இதோடு சேர்ந்தே வரும். மூளை பழகச் சில மாதம் ஆகும். பெரும்பாலோர் பழகிவிடுவார்கள். பழகாமல் லென்ஸையே மாற்ற வேண்டி வருபவர்களும் கொஞ்சம் பேர் உண்டு, அந்த ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

விழித்திரை நடுப்பகுதியில் கோளாறு, முற்றிய கண் அழுத்த நோய், சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு, கடுமையான வறட்சி, சீரற்ற கருவிழி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. இரவு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் நன்றாக யோசிக்க வேண்டும். துல்லியத்தில் சிறு குறையையும் தாங்காத சுபாவம் உள்ளவர்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இதெல்லாம் கேட்காமல், "இது எல்லாத்துக்கும் நல்லது" என்று மட்டும் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள்.

*ஈடாஃப்.* தூரத்திலிருந்து நடுத்தூரம் வரை ஒரே நீட்சியாகத் தெளிவு தரும். கம்ப்யூட்டரும் சமையல் மேடையும் தெரியும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். ட்ரைஃபோக்கலைவிட வளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. இதற்கும் மோனோஃபோக்கலுக்கும் நடுவே, மேம்படுத்திய மோனோஃபோக்கல் என்று ஒரு வகை வந்திருக்கிறது. நடுத்தூரத்தைக் கொஞ்சம் மட்டும் நீட்டும், தெளிவைப் பெரிதாகக் கெடுக்காது. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். வைத்த பிறகு புற ஊதா ஒளியால் பவரைத் திருத்தக்கூடிய லென்ஸும் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பவர் உறுதியாகும் வரை தனிக் கண்ணாடி போட்டு வெயிலிலிருந்து கண்ணைக் காக்க வேண்டும்.

மற்ற விவரங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மடக்கி உள்ளே செலுத்தும் லென்ஸ்கள் பெரும்பாலும் அக்ரிலிக். மடங்காதவை பழைய பிஎம்எம்ஏ பிளாஸ்டிக். ஏஸ்ஃபெரிக் என்று போட்டிருந்தால் கருவிழியில் இயல்பாக இருக்கும், ஒளி ஒரே இடத்தில் குவியாத குறையை ஈடுகட்டும் வடிவம். மஞ்சள் நிற லென்ஸ் விழித்திரையைக் காக்கும் என்பார்கள். அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை, கெடுதலும் இல்லை. கண்ணுக்குள் வைத்த லென்ஸுக்குக் காலாவதி கிடையாது, ஆயுசுக்கும் இருக்கும்.

ஐந்தாம் படி: எந்த முறை

இன்று பரவலாக நடப்பது பாகோ. 1960-களில் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டர், பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தபோது பல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்துப் பிடித்த யோசனை இது. இரண்டு, மூன்று மி.மீ. துளை வழியாக ஊசிமுனை உள்ளே போய், நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து, புரையை உடைத்து உறிஞ்சும். பை மட்டும் மிஞ்சும். மடக்கிய லென்ஸை அதற்குள் விட்டால் பூ மாதிரி விரிந்து உட்காரும். தையல் பெரும்பாலும் வேண்டாம்.

பாறையாக முத்திய புரைக்கு, ஆறு மி.மீ. அளவில் தானே மூடிக்கொள்ளும் வெட்டுப் போட்டு எடுக்கும் சிறுவெட்டு முறை இருக்கிறது. பார்வைப் பலன் பாகோவுக்குக் கிட்டத்தட்ட இணைதான். மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஃபெம்டோ லேசர் முறையில் வெட்டுகளையும் புரையை உடைப்பதில் ஒரு பகுதியையும் லேசர் செய்கிறது. உறிஞ்சுவதும் லென்ஸ் வைப்பதும் வழக்கம்போலத்தான். பெரிய ஆய்வுகளில் அதனால் பார்வை கூடுதலாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. கையில் பணம் ஓரளவுதான் என்றால் லேசரை விட்டுவிட்டு டோரிக்குக்குச் செலவிடுங்கள், சிலிண்டர் இருந்தால்.

ஆறாம் படி: அந்த நாள்

சாப்பாடு, மாத்திரை விஷயத்தில் ஆஸ்பத்திரி சொன்னபடி நடங்கள். முகத்தில் பவுடர், கண்மை வேண்டாம். கூட ஒருவர் வரட்டும்.

பாப்பா விரிய அடுத்தடுத்துச் சொட்டு விடுவார்கள். கண்ணைச் சுற்றிப் பழுப்பு நிற அயோடின் மருந்தால் துடைப்பார்கள். தொற்று வராமல் தடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். சொட்டு மருந்திலோ கண்ணைச் சுற்றிப் போடும் ஊசியிலோ மரத்துப்போகும். முகத்தை மூடிய துணிக்குள் மூச்சு விடக் காற்று வரும். இமை மூடாமல் ஒரு கம்பி பிடித்துக்கொள்ளும். கத்தி வருவது தெரியுமோ என்ற பயம் வீண். தெரிவதெல்லாம் வெளிச்சமும், தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி நெளியும் நிறங்களும்தான். கன்னத்தோரம் குளிர்ந்த நீர் வழியும். எந்திரம் ஏற்ற இறக்கமாக ஒலி கொடுக்கும். நடுவில் ஒரு அழுத்தம் தெரியலாம். வலி இருந்தால் வாயால் சொல்லுங்கள், தலையைத் திருப்பாதீர்கள். இருமல் வந்தாலும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இருமுங்கள்.

ஏழாம் படி: சொட்டு மருந்தும் எச்சரிக்கையும்

ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெள்ளையாகப் பால் மாதிரி இருக்கும் ஸ்டீராய்டுப் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். தலையை அண்ணாந்து, கீழிமையை விரலால் லேசாக இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே சொட்டு. கண்ணில் பிடிப்பது ஒரு சொட்டுதான், மூன்று விட்டால் இரண்டு கன்னத்துக்கு. புட்டி முனை கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. விட்ட பின் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் மூலையை ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. ஸ்டீராய்டுச் சொட்டை வாரத்துக்கு வாரம் குறைத்து நான்கு, ஆறு வாரத்தில் நிறுத்துவது வழக்கம். கண் நன்றாகத் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்தினால் வீக்கம் திரும்பும்.

கண்ணைக் கசக்காதீர்கள். தூங்கும்போது ஒரு வாரமாவது பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள்ளுங்கள். குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சலும் பாரம் தூக்குவதும் டாக்டர் சரி என்கிற வரை வேண்டாம். டிவி பார்க்கலாம், படிக்கலாம், அதனால் லென்ஸ் நகராது. லேசான உறுத்தல், நீர் வடிதல், கூச்சம் சில நாள் இருக்கும். எல்லாம் நீலம் பூத்த மாதிரித் தெரியும். இத்தனை நாள் மஞ்சள் திரை வழியாகப் பார்த்த கண் அல்லவா.

வலி நாளுக்கு நாள் கூடினால், தெரிந்துகொண்டிருந்த பார்வை குறைந்தால், சிவப்பு ஏறினால், பீளை வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கண்ணுக்குள் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். வந்தால் மணிக்கணக்கில் கண்ணைப் பறித்துவிடக்கூடியது. திடீரென மின்னல் வெட்டுகள், கரும்புள்ளி மழை, ஓரத்திலிருந்து திரை விழுவது இவை விழித்திரை விலகுவதன் அறிகுறி. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், மாதங்கள் கழித்தும் வரலாம். முதலில் தெளிவாக இருந்து சில வாரத்தில் நடுப்பார்வை கலங்கினால் விழித்திரை வீக்கமாக இருக்கலாம். சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் அடங்கும்.

பிறகு

கண்ணாடிக்குப் பவர் எழுதுவது நான்கு, ஆறு வாரம் கழித்து. அதற்குள் அவசரப்பட்டு வாங்கினால் மறுபடி மாற்ற வேண்டி வரும். இன்னொரு கண்ணிலும் புரை இருந்தால் வழக்கமாகச் சில நாளோ வாரமோ விட்டுச் செய்வார்கள். பவர் அதிகமுள்ளவர்களுக்கு அந்த இடைவெளி தொல்லைதான்: ஒரு கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றும். படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். முதல் கண்ணின் பலனைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு லென்ஸையோ இலக்குத் தூரத்தையோ மாற்றிக்கொள்ளலாம். என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று டாக்டரிடம் மனம்விட்டுச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம்.

சில மாதமோ சில வருடமோ கழித்து மறுபடி மங்கலாகத் தெரிந்தால், புரை திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எடுத்த புரை வளராது. லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவரில் செல்கள் படர்ந்து மங்குவதுதான் அது. யாக் லேசரால் நடுவில் ஒரு சன்னல் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை, ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மல்டிஃபோக்கல் வைத்து இன்னும் பழகாதவர்கள் மட்டும் இதற்கு அவசரப்பட வேண்டாம். அந்தச் சன்னல் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது மிகச் சிக்கல்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் ஒட்டிய ஒரு சின்ன அட்டை தருவார்கள். அதை போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இரண்டாவது கண்ணுக்கு வேறு டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.